நாலு மணி வண்டியில் போன தண்ணீர்

1987 ஏப்ரல் 21, செவ்வாய்

கீழப்புதூருக்குக் குடிதண்ணீர்த் தொட்டி திறப்பு விழா. நோட்டீஸில் மாலை ஐந்து. சேர்மன் வந்து சேர்ந்தபோது ஏழு. மாலை, பொன்னாடை, மைக்கைப் பிடித்தவர் எவரும் விடுவதாயில்லை. ஒருவழியாகக் குழாயைத் திருகினார். உஸ்ஸென்று காற்று வந்தது. இன்னொரு திருகு. காற்றும் நின்றது. தொட்டி கட்டினவர்கள் மோட்டார் வைக்கவில்லையாம்! காலிக்குடத்தோடு போன நாங்கள் காலிக்குடத்தோடு திரும்பினோம். காராசேவும் காபியும் மட்டும் குறைவில்லாமல் வந்தன.

ஏப்ரல் 22

பள்ளிக்கூடத்தில் பேப்பர் பார்த்தேன். 'சேர்மன் குழாயைத் திறந்ததும் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் குலவையிட்டு மகிழ்ந்தனர்.'

அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. நான் எப்போது குலவை போட்டேன்?

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக் கருத்தம்மாளிடம் வாசித்துக் காட்டினேன், அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழத்தெருவுக்கு ஓடினாள். "பேப்பர்ல பொய்யா போடுவான்? நம்ம தெருவுல வரல, அங்கன வந்திருக்கும் டீச்சர்!"

ஏப்ரல் 23

ஊர்க் கிணறுகள் வற்றியதிலிருந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தது வேலுசாமியின் பம்புசெட்தான். இன்று தோட்டத்துக் கேட்டில் பூட்டு.

"ஒங்களுக்குத்தான் தண்ணி வந்திருச்சே, பேப்பர்ல பாத்தேனே. என் தென்னை காயுது."

"வரலண்ணே. நேர்ல வந்து பாருங்க."

"அச்சுல வந்ததுக்கு மேல என்னத்த வந்து பாக்க?"

அவர் வரப்பில் நின்று தலையைத் தூக்கினால் தொட்டி தெரியும். தூக்கவில்லை. இனிமேல் மில் பக்கத்துக் கிணறுதான் கதி. போக ஒரு மைல், வர ஒரு மைல். கருத்தம்மாளின் மகளுக்கு இது ஒன்பதாம் மாசம். அவளும் குடம் தூக்குகிறாள்.

ஏப்ரல் 25, சனி

பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு மனுவோடு போனேன். கிளார்க் மேஜைமேல் கிடந்த பேப்பரைத் தட்டிக் காட்டினார். "வந்திருச்சேம்மா. பொறவு எதுக்கு மனு?" இவரும் அதே பேப்பர்தான்!

நேரே ராஜபாளையம் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பேப்பர் ஏஜென்சி வைத்திருக்கிறார் அழகியமணவாளன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவர்தான் நிருபரும். நான் வாங்கு வாங்கென்று வாங்கினேன். மனுஷன் அசரவில்லை.

"விழா அஞ்சு மணிக்கு. மதுரைக்கு சேதிக் கவர் போறது நாலு மணி வண்டியில. அத விட்டா மறுநாள் பேப்பர் கெடையாது. அதான் நோட்டீஸப் பாத்து மூணு மணிக்கே எழுதிருவேன். தொட்டி தெறந்தா தண்ணி வரும்னுதான எழுதுவாக?"

"குலவை?"

"அது மதுரையில சேத்திருப்பாக."

மறுப்புப் போடச் சொன்னேன். ஆபீஸ்காரர்கள் எழுதிக் கொடுத்தால்தான் மறுப்பாம். "பழைய சேதிய மாத்துறது கஷ்டம் டீச்சர். புதுச் சேதி குடுங்க. காலிக்குடத்தோட மறியல் பண்ணுங்க, போடுதேன். ஆனா மூணு மணிக்குள்ள முடிச்சிரணும்."

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். "அன்னைக்கும் கவர ஒங்க வீட்டுக்காரர்கிட்டதான் குடுத்தேன்."

என் வீட்டுக்காரர் மைக்கேல்தான் அந்த நாலு மணி வண்டிக்குக் கண்டக்டர். எங்கள் ஊருக்கு வராத தண்ணீரை மதுரை வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான்.

"கவர் குடுத்தாரு, பையில வச்சேன். உள்ள என்ன இருக்குன்னு நான் எதுக்கு ஏட்டி பாக்கணும்?" என்கிறார்.

சரிதான். எழுதினவன் பார்க்கவில்லை, கொண்டுபோனவர் பார்க்கவில்லை, அச்சுப் போட்டவன் பார்க்கவில்லை. வாசிக்கிறவனாவது கேட்க வேண்டாமா? கால் கிலோ கத்தரிக்காய்க்குச் சொத்தை பார்த்துப் பார்த்துப் பொறுக்குகிறோம். சேதி என்றால் மட்டும் வாயைப் பிளந்து வாங்கிக்கொள்கிறோம். யார் எழுதினான், எப்போது எழுதினான், பார்த்து எழுதினானா — நானே இத்தனை வருஷத்தில் ஒருநாள் கேட்டதுண்டா?

ஏப்ரல் 26

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனேன். மனசு நிற்கவில்லை. புதன்கிழமை பதினோரு மணி, ரோட்டில் உட்காருவது என்று பெண்களிடம் சொல்லியாயிற்று. நேரம் முக்கியம், நேரம் முக்கியம் என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

ஏப்ரல் 29, புதன்

பதினோரு மணிக்கு ரோட்டில் நானும் என் குடமும்.

அழகியமணவாளன் சைக்கிளில் வந்து பார்த்தார். "வருவாக, கட்டாயம் வருவாக" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

கருத்தம்மாளும் மற்றவர்களும் ஆக்கி, தின்று, ஏனம் கழுவி வரும்போது மணி நாலு. வந்து உட்கார்ந்ததும் முதலில் மாட்டிய வண்டி எது? ராஜபாளையத்திலிருந்து வந்த நாலு மணி வண்டிதான்! இவர்கள் சேதி ஊர் போய்ச் சேர வேண்டிய வண்டியை இவர்களே மறித்து, முன்னால் குடத்தையும் அடுக்கிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் இறங்கி வந்து கவரைத் தூக்கிக் காட்டினார். "ஒங்க சேதி இதுக்குள்ளதாம்மா இருக்கு. வழிய விடுங்க!"

"அதெப்படி? நாங்க இப்பத்தான உக்காந்தோம்?" என்றாள் கருத்தம்மாள்.

நியாயமான கேள்வி. ஊரே கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள். கவரைப் பிடுங்கினேன். "ஏட்டி, என் வேலை போயிரும்" என்று இவர் கத்தக் கத்தக் கிழித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். 'குடிநீர் வராததைக் கண்டித்துப் பெண்கள் மறியல். அதிகாரிகள் உறுதியளித்ததை அடுத்து அனைவரும் கலைந்து சென்றனர்.'

"யாரு கலைஞ்சா? நான் இங்கனதான இருக்கேன்!" என்று கருத்தம்மாள் குரல் கொடுத்தாள்.

சிரிப்பு. பிறகு வசவு, அழகியமணவாளனின் ஏழு தலைமுறைக்கும். சிவப்புப் பேனா எடுத்து அந்த வரியை அடித்தேன். 'அதிகாரிகள் யாரும் வரவில்லை. பெண்கள் எழவில்லை' என்று எழுதினேன். பஸ் டிக்கெட்டில் எச்சில் தொட்டு இவரே கவரை ஒட்டினார். குடங்களை நகர்த்தி அந்த ஒரு வண்டியை மட்டும் விட்டோம்.

ஏப்ரல் 30

பேப்பரில் ஆறு வரி. என் வரியை வெட்டிவிட்டார்கள். ஆனால் 'கலைந்து சென்றனர்' இல்லை.

காலையிலேயே வேலுசாமி கேட்டைத் திறந்துவிட்டார். "தண்ணி வரலியாமே, பேப்பர்ல பாத்தேன். சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாமாம்!

மே 9

கருத்தம்மாளுக்குப் பேத்தி. தாயும் பிள்ளையும் நலம்.

ஜூன் 4, வியாழன்

யூனியனிலிருந்து மோட்டார் வந்து பொருத்தினார்கள். மத்தியானமே அழகியமணவாளன் வந்துவிட்டார். எழுதி வைத்துக்கொண்டு வரவில்லை. வெறும் தாளோடு வந்தார். "இந்த மட்டம் கண்ணால பாத்துட்டுத்தான் எழுதுவேன், டீச்சர்." குழாயடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். மூன்றானது. நாலும் ஆனது. என் வீட்டுக்காரர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே ஊரைத் தாண்டிப் போனது. மனுஷன் எழுந்திருக்கவில்லை. எனக்கு முதல்முறையாக அவர்மேல் மரியாதை வந்தது.

ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. செம்மண் நிறம், பிறகு தெளிவு. கருத்தம்மாள் குலவை போட்டாள். நானும் போட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

மூன்று நாளாகப் பேப்பரைப் புரட்டுகிறேன். எங்கள் தண்ணீர் இல்லை. வண்டி தவறிய சேதி மறுநாள் பழைய சேதியாகிவிட்டதாம்.

பூசை முடிந்து வரும் வழியில் வேலுசாமி கேட்டருகே நின்றார். "ஏன் டீச்சர், ஒருத்தரும் தண்ணிக்கு வர மாட்டேங்கீக?"

"எங்களுக்குக் கொழாயில வருதுல்லாண்ணே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேப்பர்ல ஒண்ணும் காணோமே?"

கேட்டைப் பூட்டாமலே போனார்.