எல்லைக்கு இந்தப் பக்கம் தூக்கம்

கார்டன் சிட்டி, கான்சாஸ்
செப்டம்பர் 6, 2022

அன்புள்ள அக்கா செலஸ்டினாவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. போன் செய்தால் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா? முட்டி வலி எப்படி? இந்த வருஷம் மிளகாய் சுட்டு எடுத்து வைத்தாயா?

எனக்கு மார்பில் வந்த புற்று எலும்புக்குப் போய்விட்டது அக்கா. இடுப்பு, முதுகுத்தண்டு எல்லாம். இனி வைத்தியம் கிடையாது, வலிக்கு மட்டும்தான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் தரும் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. வலியைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தூக்கம்தான் இல்லை. படுத்தால் வலிக்கிறது, உட்கார்ந்தால் தலை தொங்குகிறது.

என்னைப் பார்க்க வரும் நர்ஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "கொலராடோல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? அங்க கஞ்சாவுல ஜெல்லி மிட்டாய் செஞ்சு லைசென்ஸ் கடையில விக்கிறாங்க. சில பேருக்கு நல்லாத் தூக்கம் வருது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க." இங்கே அது இன்னும் குற்றம்தான்.

அங்கே எனக்கு உன்னைவிட்டால் யார்? வாங்கி அனுப்புவாயா?

பெனிதோவுக்கு என் ஆசீர்வாதம்.

உன் தங்கை
எர்லிண்டா


புவெப்லோ, கொலராடோ
செப்டம்பர் 14, 2022

எர்லிண்டாவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. கடைசி வரியை மட்டும் கிழிக்கத் தோன்றியது. என் மகனை ஆசீர்வதிக்க நீ யார்?

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. 1982இல் மக்காச்சோளம் அறுத்த பிறகு நீ இங்கே வந்தாய். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாய், அதில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. "எங்க ஊரு மாட்டிறைச்சி ஆலையில ஆள் எடுக்கறாங்க அக்கா, பெனிதோவ அனுப்பு, என் வயித்துல பொறந்த மாதிரி பாத்துக்கறேன்" என்றாய். இந்த அடுப்பங்கரையில் உட்கார்ந்து, நான் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னாய். அவனுக்கு இருபது வயது. அவன் கட்டிலுக்கு அடியில் ஒரு கைப்பிடி கஞ்சா கிடந்ததாம். உன் புருஷன் வெர்னன் போலீசைக் கூப்பிட்டான். அவர்கள் வந்தபோது எந்தக் கட்டில் என்று காட்டியது நீ. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பிள்ளை விலங்கோடு போனதை நான் அடுத்த வாரம்தான் ஊரார் வாயால் கேட்டேன்.

ஜெயிலிலிருந்து வந்தவனை எஃகு ஆலை சேர்த்துக்கொள்ளவில்லை. நிச்சயம் செய்த பெண்ணும் காத்திருக்கவில்லை. இப்போது அவனுக்கு அறுபது வயது. பஸ் நிலையத்தில் தரை துடைத்து, போன வருஷம்தான் ஓய்ந்து உட்கார்ந்தான்.

இன்று எங்கள் தெருமுனையில், செருப்புக்கடை இருந்த இடத்தில், அதே கஞ்சாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வாசலில் பூத்தொட்டி வேறு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துப்பிவிட்டுத்தான் போகிறேன்.

வாங்க மாட்டேன். தூங்காமல் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்ததே நீதான்.

செலஸ்டினா

எந்த இடுப்பு? இடதா, வலதா?


கார்டன் சிட்டி
செப்டம்பர் 20, 2022

அக்கா,

இடது.

நீ எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனால் எங்கள் தெருவில் அந்த வருஷம் இரண்டு பையன்கள் போதை ஊசி போட்டுச் செத்தார்கள். நம் பையனும் அப்படிப் போய்விடக் கூடாதே என்றுதான் வெர்னன் செய்தார். நல்லதுக்குத்தான் செய்தோம்.

எர்லிண்டா


புவெப்லோ
அக்டோபர் 3, 2022

எர்லிண்டாவுக்கு,

நல்லதுக்காம். அந்த வார்த்தையை மடித்து உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள், தூக்கம் வருகிறதா பார்.

கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். "அடையாள அட்டை காட்டுங்கம்மா" என்றாள்.

"எனக்கு எழுபத்தொம்பது வயசுடி. என்னப் பாத்தா இருபத்தொண்ணு ஆகாதவ மாதிரியா இருக்கு?"

"நூறு வயசானாலும் காட்டணும். சட்டம் அப்படி."

சட்டம் என்றதும் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு காட்டினேன். உள்கதவை அவர்களே பொத்தான் அழுத்தித் திறக்கும் வரை ஒரு சின்ன அறையில் உட்கார வேண்டும். அங்கே யார் என்கிறாய்? நம் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கும் ஃபெலிசியானா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

"நீயுமா செலஸ்டினா?"

"முதல்ல நீ சொல்லு."

"முட்டி."

"எனக்கும் முட்டின்னே வெச்சுக்க."

"இங்க வர்ற எல்லாருக்கும் முட்டிதான்டி. சாமியார்கிட்ட சொல்லிடாத. போன வாரம் அவரோட அண்ணனையே இங்கதான் பாத்தேன்."

உள்ளே ரஸ் என்ற தாடிக்காரன் நின்றான். கரடி மாதிரி உடம்பு, குரல் மட்டும் பூனை மாதிரி. யாருக்கு என்று கேட்டவன், நான் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினான். "வெளி மாநிலத்துக்குன்னா எங்கிட்ட சொல்லிடாதீங்கம்மா. சொன்னீங்கன்னா நான் விக்க முடியாது."

"எனக்குத்தான்" என்றேன்.

"எங்க வலி?"

"இடது இடுப்பு, முதுகுத்தண்டு. மார்ல வந்தது எலும்புக்குப் போயிருச்சு. வைத்தியம் இல்லைன்னுட்டாங்க."

அவன் முகம் மாறிவிட்டது. சுற்றி வந்து ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தான். "சாப்பாடு தங்குதாம்மா?" என்றான். தங்கவில்லை என்றேன். "வீட்ல கூட யாராவது இருக்காங்களா?" வெர்னன் போய்ச் சேர்ந்தது தெரியும். உன்னோடு யார் இருக்கிறார்கள், உனக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது யார் என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சரிதானா? அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உனக்கு வர வேண்டிய பரிதாபத்தை எல்லாம் நான் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று, போதை ஏறாமல் உடம்பு வலிக்கு மட்டும் ஒன்று என்று எடுத்து வைத்தான். தூங்கத்தான் வேண்டும் என்றேன். ஆரஞ்சா, ராஸ்பெரியா என்றான். "ஆரஞ்சு அவளுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டேன். அவன் காதில் விழாதவன் மாதிரி ராஸ்பெரியை எடுத்தான். மூன்று வயதில் ஆரஞ்சைத் தின்று, என் முதல் நற்கருணைக்குத் தைத்த வெள்ளைக் கவுனில் நீ வாந்தி எடுத்தாய். அதையும் நான் மன்னிக்கவில்லை.

சின்னச் சின்னக் கட்டியாக, சர்க்கரை தூவி இருக்கிறது. குழந்தைகள் மிட்டாய் என்று தின்றுவிடக் கூடாதாம், ஒவ்வொன்றிலும் எச்சரிக்கை முத்திரை குத்தியிருக்கிறார்கள். டப்பா மூடியை அழுத்தித் திருப்ப வேண்டும். என் விரலால் முடியவில்லை, பெனிதோதான் திறந்தான். திறந்து மோந்து பார்த்தான். "அந்த வாசனையே இல்லையேம்மா" என்றான். மூடியை இறுக்கி என் பக்கம் தள்ளினான்.

டப்பா என் அலமாரியில் இருக்கிறது. எல்லை தாண்டித் தர மாட்டேன். நீ இங்கே வா. வந்து, பெனிதோவை நேரே பார்த்து, நான் செய்தது தப்பு என்று சொல். சொன்னால் உன் கையில் தருகிறேன்.

செலஸ்டினா


கார்டன் சிட்டி
அக்டோபர் 12, 2022

அக்கா,

நீ சொன்னது சரி, யாரும் இல்லை. நர்ஸ் வாரம் மூன்று நாள் வருகிறாள். பக்கத்து வீட்டு டிலோரஸ் சூப் கொண்டுவந்து தருகிறாள்.

புவெப்லோ வரை காரில் உட்கார என்னால் முடியாது. பாதி வழியிலேயே போய்விடுவேன். வறமிளகாய்ப் பொட்டலத்துக்குள் வைத்துத் தபாலில் போட்டுவிடேன். ஒரு கிழவி இன்னொரு கிழவிக்கு அனுப்பும் மிளகாயை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

நேற்றுக் குளியலறைத் தரையில் விழுந்துவிட்டேன். டிலோரஸ் வரும் வரை அப்படியே கிடந்தேன். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை.

எர்லிண்டா


புவெப்லோ
அக்டோபர் 19, 2022

எர்லிண்டா,

தபாலில் போட மாட்டேன். மாட்டிக்கொண்டால் உறையில் இருப்பது இந்த வீட்டு விலாசம். இந்த வீட்டில் ஏற்கனவே போலீசில் பதிவான பேர் யாருடையது என்று உனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தை பெனிதோ படித்துவிட்டான். படித்து முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"எங்கடா?"

"சித்திக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன்."

"பைத்தியமா உனக்கு? கான்சாஸ்ல பிடிச்சா உன்ன விடுவானா? இது உனக்கு ரெண்டாவது தடவை."

"தரையில கெடந்தாங்களாம்மா."

"கெடக்கட்டும். நீ கெடந்தப்ப அவ வந்தாளா?"

"வரலதான். அதுக்காக நானும் போகாம இருக்கணுமா?"

கார்ச் சாவியை எடுத்து என் உடுப்புக்குள் போட்டுக்கொண்டேன். அறுபது வயது ஆளிடமிருந்து சாவியைப் பிடுங்கி வைக்கும் நிலைமையில் என்னை வைத்திருக்கிறாய். இரண்டு நாள் என்னோடு சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வரைபடத்தை மேசையில் விரித்தான். லாமர் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. கொலராடோவுக்குள் இருக்கிறது. அங்கே மோட்டலில் தரைத்தளத்து அறை ஒன்று பேசியிருக்கிறான். உன்னால் அந்தத் தூரம் வர முடியுமா என்று கேட்கச் சொன்னான்.

சனிக்கிழமை, 29ஆம் தேதி மத்தியானம் நாங்கள் அங்கே இருப்போம். டப்பாவை நான் கொண்டுவருகிறேன். நான் கேட்ட வார்த்தையை நீ கொண்டு வா.

செலஸ்டினா


கார்டன் சிட்டி
அக்டோபர் 24, 2022

அன்புள்ள அக்கா,

டிலோரஸ் அழைத்து வருகிறாள். பின்சீட்டில் மெத்தை போட்டிருக்கிறாள். தினமும் தின்னும் மாத்திரைகளோடு இதைச் சேர்க்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். கொஞ்சமாகத் தொடங்கு, தனியாக இருக்காதே என்றாள்.

வார்த்தையைப் பற்றி நேரில் பார்ப்போம்.

எர்லிண்டா


புவெப்லோ
நவம்பர் 4, 2022

எர்லிண்டாவுக்கு,

லாமரில் நடந்ததில் பாதியை நீ தூங்கிக் கழித்துவிட்டாய். மீதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

காரிலிருந்து உன்னை பெனிதோ தூக்கிக்கொண்டு வந்தான். நீ அவ்வளவு சின்னதாகிவிட்டாய் என்று நீ எழுதவில்லை. நான் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. ரஸ் சொன்னபடி நனைத்த கத்தியால் ஒரு துண்டை நாலாக நறுக்கி, ஒரு பங்கை உன் நாக்கில் வைத்தேன். ஒரு மணி நேரம் போயும் ஒன்றுமில்லை. "ஏமாத்திட்டான் உன் கடைக்காரன், இன்னொண்ணு குடு" என்று கத்தினாய். தரவில்லை. அப்புறம் உன் கை என் முழங்கையைப் பிடித்தது, பிடி தளர்ந்தது, தூங்கிவிட்டாய். குறட்டை விட்டாய். டிலோரஸ் அழுதாள். பெனிதோ ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உன் காலடியில் உட்கார்ந்தான். விளக்கு போடும் வரை அசையவில்லை.

நீ எழுந்து, சூப் குடித்து, அது வயிற்றில் தங்கியதும் நான் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? "இப்ப சொல்லு" என்றேன். நீ அவன் முகத்தைப் பார்த்தாய். வாயைத் திறந்தாய். "நல்லா இளைச்சுட்டடா, சாப்பிடறதில்லையா" என்றாய். அவ்வளவுதான் உன்னால் முடிந்தது.

டப்பாவைப் பையில் போட்டு மூடினேன். அவன் பையைத் திறந்து டப்பாவை எடுத்து உன் கட்டில் பக்கத்தில் வைத்தான். திரும்பி வரும்போது, பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் சொன்னான்: "அந்த ரூமை மாசத்துக்கு எடுத்துட்டேம்மா. சித்தி அங்கயே இருக்கட்டும். லாமர் நர்ஸ்கிட்டயும் பேசிட்டேன். நான் துணி எடுத்துட்டுப் போற வரைக்கும் டிலோரஸ் இருக்காங்க, அப்புறம் நான் கூட இருந்துக்கறேன்."

"அவ இன்னும் சொல்லலையேடா!"

"நான் கேக்கலியே. கேக்கறது நீதான்."

"உனக்காகத்தான்டா கேட்டேன்."

"தெரியும்மா. அந்தக் கோபம் எனக்கு வேணாம். வெச்சுக்கிட்டு எங்க போறது, எனக்கே அறுபதாச்சு."

வீடு வரும் வரை ரேடியோ பாடியது.

இன்று காலையில் பெட்டி கட்டினான். இந்தக் கடிதத்தை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இன்னொரு டப்பா, ராஸ்பெரிதான். மாநிலத்துக்குள் கொண்டு போவதில் தப்பில்லை. எனக்கு எப்படி இருக்கிறது என்று ரஸ் கேட்டான். கொஞ்சம் தூக்கம் வருகிறது, ஆனால் நாள் அதிகம் இல்லை என்றேன். இரண்டு மணி நேரம் ஆகாமல் அடுத்த பங்கைத் தொடாதே. மயக்கம் அதிகமாக இருந்தால் நர்ஸைக் கூப்பிடச் சொல்.

அன்று போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. திட்டுவதற்கு நீ இருந்தாய், வெர்னன் இருந்தான். இன்று அவன் தானே படியிறங்கிப் போகிறான். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நான் லாமருக்கு வர மாட்டேன். முடிந்தது என்று தகவல் வந்தாலும் வர மாட்டேன். பதில் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும். ஜெயிலிலிருந்து வந்ததிலிருந்து அவன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியதில்லை. உன் கட்டிலுக்கும் அவன் படுக்கப்போகும் முன்பகுதிக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, பார்த்தேன். குளிர் அடித்தாலும் அதைச் சாத்தச் சொல்லாதே. நீ போர்த்திக்கொள்.

செலஸ்டினா