வெளியிடாத வீடு

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் மெத்தைக் கடையின் இணையதளமும் என் தலையில். பில் போடுவது, போன் எடுப்பது, வந்தவர்களை மாதிரி மெத்தையில் உட்காரவைத்துச் சிரிப்பது, இதற்கெல்லாம் நடுவில் இதுவும். "நீதாம்மா படிச்ச பொண்ணு" என்றார் முதலாளி. இவர் அப்படிச் சொன்னாலே புது வேலை வருகிறது என்று அர்த்தம். சம்பளத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. அதுதான் எரிச்சல்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "உங்க அக்கா தைக்கிற போட்டோவ வீட்ல போட்டிருக்கேன். பிரமாதமா இருக்கு, பாரு."

வீட்டிலா? இவர் வீட்டில் என் அக்கா படம் எதற்கு? இவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லையா? நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. பின்கட்டில் அக்காவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெஷின் நின்றுவிடும்.

சாயங்காலம் பஸ் ஜன்னலில் ஓடிய ஒவ்வொரு வீட்டிலும், விளக்கு விழுந்த சுவரில், ஒரு சட்டத்துக்குள் அக்கா இருப்பதுபோலவே பட்டது. நிஜ அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வழக்கம்போல் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு.

மார்ச் 4, செவ்வாய்

வீடு என்றால் முகப்புப் பக்கமாம். ஹோம் என்பதை முதலாளி வீடாக்கிவிட்டார்.

எடிட்டர் என்பது இணையதளத்தின் பின்கட்டு. கடவுச்சொல் உள்ளவர்களுக்குத்தான் கதவு திறக்கும். இடது பக்கம் ஒரு பட்டை: பக்கங்கள், படங்கள், செய்திகள், அமைப்பு. நடுவில் பக்கம் அப்படியே கிடக்கிறது, மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த மாதிரி. எதைத் தொட்டாலும் அதைச் சுற்றி நீலக் கோடு விழுகிறது. எழுத்தை, படத்தை, வெறும் இடத்தைக்கூடத் தொடலாம்.

முகப்பைத் திறந்தேன். திரை முழுக்க அக்கா.

ஜன்னல் வெளிச்சம், அதில் மிதக்கும் பஞ்சு. நூலைப் பல்லில் கடித்தபடி, யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்க்கிறாள். தண்ணீருக்கடியிலிருந்து அப்போதுதான் எழுந்தவள் மாதிரி. கேட்டு எடுத்த படம் இல்லை. கேட்டிருந்தால் முகத்தை மூடியிருப்பாள். அவள் நெற்றிக்கு மேலே கொட்டை எழுத்தில் "உறக்கத்தின் முகவரி". அவள் கைக்குக் கீழே உண்மையான முகவரி. கதவு எண், தெரு, திறக்கும் நேரம், மூடும் நேரம்.

இது தெரியக்கூடாது என்றுதானே போன வருஷம் ஒரு பையோடு என் அறைக்கு வந்தாள்? அம்மாவுக்கே ஊர்தான் தெரியும், தெரு தெரியாது. அவள் புருஷன் (அந்த ஆளை மாமா என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும்) சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று அழுகிறானாம். அவன் உடைத்த மணிக்கட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. அழுகிற ஆம்பளைக்கு உடனே காபி போட்டுவிடுவார்கள்.

படத்தைத் தொட்டேன். நீலக் கோடு. அழி. போய்விட்டாள். அந்த இடத்தில் கோடு போட்ட மெத்தை ஒன்றை வைத்தேன். சேமி. "சேமிக்கப்பட்டது" என்று மூலையில் ஒரு வரி மினுங்கி மறைந்தது. கண் படம் போட்ட முன்பார்வை என்று ஒன்று இருக்கிறது, வெளியிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும். அதிலும் பார்த்தேன். மெத்தைதான். அப்பாடா.

மார்ச் 5, புதன்

படம் எங்கே என்று கத்துவார், பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராகப் போனேன். முதலாளி போனைத் தடவிக்கொண்டே "வீடு லட்சணமா இருக்கு" என்றார். கோடு போட்ட மெத்தைக்கு இவ்வளவு ரசனையா?

மார்ச் 7, வெள்ளி

மதியம் வாடிக்கையாளர் வராத நேரமெல்லாம் எடிட்டருக்குள்தான் இருக்கிறேன். ஒரு கட்டடத்துக்குள் நடப்பதுபோல் இருக்கிறது. செங்கல் இல்லை, எடை இல்லை, காலடிச் சத்தம் இல்லை. மேலே ஒரு பட்டை, கடைப் பெயரும் மெனுவும். மெனுவில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு: முகப்பு, மெத்தைகள், எங்களைப் பற்றி, தொடர்புக்கு. கீழே ஒரு பட்டை, அதில் முகவரியும் நேரமும். முதலாளிக்கு மேலே இருப்பது தலை, கீழே இருப்பது கால். "காலை மாத்தும்மா, எட்டு மணிக்கே மூடிடலாம்."

பஞ்சு அடிக்கும் அண்ணன் அதைக் கேட்டு, "என் காலையும் சேத்து மாத்திடு பாப்பா, முட்டி போயிடுச்சு" என்றார். அவர் தலையிலிருந்து பாதம்வரை எப்போதும் வெள்ளை. நாங்கள் பஞ்சண்ணன் என்கிறோம்.

ஒரு பக்கத்தில் காலை மாற்றினேன், எல்லாப் பக்கத்திலும் மாறிவிட்டது. தலையும் காலும் எல்லா அறைக்கும் பொதுவாம். யாருமே நின்று படிக்காத இடம், ஆனால் எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. எங்கோ பார்த்த ஏற்பாடு.

"எங்களைப் பற்றி"யில் முதலாளி மட்டும், கோட் போட்டுக்கொண்டு. முப்பது ஆண்டு அனுபவமாம். அழித்தேன். "முப்பது ஆண்டு அனுபவம் பஞ்சண்ணனின் இடுப்பில் இருக்கிறது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது" என்று எழுதினேன். விளிம்பு தைக்கிறவர், லோடு ஏற்றுகிறவர் எல்லோரையும் எழுதினேன். அக்காவை மட்டும் விட்டேன். சேமி.

வேலை போனால் போகட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வேலை போகவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு மூடுகிறோம் என்று போட்டும் நேற்று எட்டரைக்கு வந்து ஷட்டரைத் தட்டுகிறார்கள். உலகத்தில் ஒருத்தரும் எதையும் படிப்பதில்லை போல. அதனால் இன்னும் துணிச்சல் வருகிறது. நான் எழுதுகிறபடியே எல்லாம் ஆகிவிடுகிற ஒரு இடம், அங்கே நான் மட்டும்.

அக்கா தலை குளித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கூந்தலில் இருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ஊதினேன். மாடிச் சுவரைத் தாண்டி மெதுவாகப் போயின.

"கடைக்கு வெப்சைட் இருக்காமே, என்னடி இருக்கு அதுல?"

"மெத்தை."

"அதை நேர்லயே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

இருவரும் சிரித்தோம். படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். முடிந்துபோன விஷயம், எதற்கு என்று விட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

முடிஞ்சுபோகல. எதுவுமே முடிஞ்சுபோகல.

எடிட்டரில் "செய்திகள்" பக்கத்தில் சிவப்புப் புள்ளி. தொடர்புக்கு என்ற பக்கம் வழியாக யாராவது எழுதினால் அங்கே வந்து விழும். "முன்பக்கத்தில் தைத்துக்கொண்டிருக்கும் பெண் கையால் ஒரு மெத்தை வேண்டும். நேரில் வருகிறேன்." பெயர் இல்லை. போன் நம்பர் இருந்தது. எனக்குத் தெரிந்த நம்பர்.

எந்தப் பெண்? நான்தான் எடுத்துவிட்டேனே? முன்பார்வையில் பார்த்தேன், மெத்தை. மறுபடி பார்த்தேன், மெத்தை. பஞ்சண்ணனின் போனை வாங்கி அதில் திறந்தேன். அக்கா. நூலைக் கடித்தபடி. எட்டு நாளாக நான் ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன், ஊர் முழுக்க இன்னொரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இணையதளம் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் மேல் போன். கடைசியில் எடுத்தார்.

"சேமிச்சீங்களா, வெளியிட்டீங்களா?"

"சேமிச்சேன் சார்."

"சேமிச்சா உங்களுக்கு மட்டும்தாம்மா தெரியும். அது வரைவு. மேல ஓரத்துல வெளியிடுன்னு இருக்கும் பாருங்க, அதை அழுத்தினாத்தான் வெளிய போகும்."

"முன்பார்வையில சரியா இருந்துச்சே."

"அதுவும் வரைவைத்தான் காட்டும். நீங்க நினைச்சதை உங்களுக்கே காட்டும், அவ்வளவுதான்."

சேமி என்றால் பத்திரம் என்று நினைத்தேன். எந்த மடையன் வைத்த சொல்? இல்லை, சொல்லை ஏன் திட்ட வேண்டும். பத்திரமாகத்தான் இருந்தது, எனக்குள்ளே.

வெளியிட்டேன். அண்ணனின் போனில் அக்கா போய் மெத்தை வந்தது. என்ன பிரயோஜனம்.

மார்ச் 12, புதன்

காலையில் அக்காவிடம் சொன்னேன். படம், முகவரி, சேமி, அந்த ஆளின் செய்தி, எல்லாம். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். ஸ்டவ்வை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தைக் காட்டு."

எடிட்டரில் படங்கள் பகுதியில் இன்னும் கிடந்தது. நெடுநேரம் பார்த்தாள்.

"இப்படியாடி இருக்கேன் நான்?"

"வேற ஊருக்குப் போயிடலாம்க்கா. இன்னிக்கே. நான் பையை எடுக்கறேன்."

"எங்க போவ? அங்கயும் எதாவது ஒரு கடை இருக்கும், அதுக்கு ஒரு மொதலாளி இருப்பான், கையில போன் வெச்சுக்கிட்டு." துப்பட்டாவைத் தேடினாள், கிடைக்கவில்லை, விட்டுவிட்டாள். "ஒரு மெத்தை பாதி விளிம்பு தைச்சபடி கிடக்கு. கிளம்பு."

மார்ச் 14, வெள்ளி

வந்தான்.

மதியம், சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் மந்தமாக இருந்தோம். பளிச்சென்று தேய்த்த சட்டை. மாதிரி மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளங்கையால் அதைத் தடவினான். "நல்லா இருக்கியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் குரலே எழவில்லை. எழுத்தில் எல்லோரையும் கிழிக்கிறவள் நான்.

பின்கட்டிலிருந்து அக்கா வந்தாள். கழுத்தில் அளவு நாடா, தலையெல்லாம் பஞ்சு.

"என்ன சைஸ் வேணும்?"

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"அம்மா உடம்பு சரியில்லாம கிடக்கு. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு."

"மெத்தைதான் வீடு வரைக்கும் வரும். தைக்கிறவங்க வர்றதில்ல." நாடாவின் இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "மணிக்கட்டு மழைக்கு வலிக்குது. அதை உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

அவன் எழுந்தான். அதற்குள் பஞ்சண்ணனும் லோடு ஏற்றுகிறவரும் வந்து வாசல் பக்கம் நின்றுவிட்டார்கள், உடம்பெல்லாம் வெள்ளையாக, பகல் வெளிச்சத்தில் வழிதவறி வந்த மேகங்கள் மாதிரி. முதலாளி என்ன ஏதென்று புரியாமல் எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், அக்கா முகத்தைப் பார்த்தார்.

"சார், வாங்கறதுன்னா சைஸ் சொல்லுங்க. இல்லேன்னா அதுல உக்காராதீங்க, பள்ளம் விழுந்துடும்."

போனான். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். அக்கா பின்கட்டுக்குப் போய் பஞ்சு மூட்டைமேல் குப்புற விழுந்தாள். அழவில்லை. மூச்சு வாங்கினாள். பிறகு என்னிடம் கேட்டாள். "அவன் எழுதி அனுப்பினது இருக்கா?"

சாயங்காலமே காவல் நிலையம் போனோம். அங்கே இருந்தவர் "புருஷன்தானேம்மா" என்றுதான் ஆரம்பித்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் புகாரை எழுதிக்கொள்ளும்வரை எழவில்லை.

மார்ச் 17, திங்கள்

வெளியிடு அழுத்தியபோது என் வரைவு மொத்தமும் சேர்ந்து வெளியே போயிருக்கிறது. முதலாளிக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"ஏம்மா, மெத்தைக் கடை வெப்சைட்ல இடுப்பு வலின்னு போடலாமா?"

"வலி இருக்கே சார்."

"இருக்கு. அதைப் போட்டா எவன் மெத்தை வாங்குவான்?"

இடுப்பை எடுக்கச் சொன்னார். பெயர்கள் இருக்கலாமாம். பெரிய மனசு. பஞ்சண்ணன் மட்டும் தன் பெயரை யார் யாரிடமோ காட்டிக்கொண்டிருக்கிறார்.

"அக்கா படத்தைக் கேக்காமப் போட்டீங்களே" என்றேன்.

"நல்ல போட்டோதானேம்மா?"

"கேட்டீங்களா?"

பேனாவை மூடினார், திறந்தார். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனார். மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது. அவர் திரும்பி வந்து "வேணாமாம்" என்றார், ஏதோ புதுச் சொல் கற்றுக்கொண்டவர்போல.

பஸ்ஸில் அக்காவைக் கேட்டேன். பயமா?

"பயம்தான். ஆனா அதுக்காக இல்லடி. கேட்டாரு. வேணாம்னேன். சரின்னுட்டாரு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகத்தின் மேல் தெரு ஓடியது.

மார்ச் 22, சனி

அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். இனிமேல் கிட்ட வரமாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்பினார்களாம். எழுதி வாங்கினால் போதுமா? தெரியவில்லை. வக்கீலைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் அக்கா தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனாள். தனியாக. நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். துணி துவைத்தேன், பாத்திரம் கழுவினேன், மாடிக்கு ஏறி இறங்கினேன். போன் பண்ணக்கூடாது என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

வெளிச்சம் போவதற்கு முன் வந்தாள். கன்னத்தில் நாற்காலித் துணியின் வரி பதிந்திருந்தது.

"படம் எப்படிக்கா?"

"தெரியாதுடி. விளக்கை அணைச்சதும் தூங்கிட்டேன். சுத்தி எல்லாரும் சிரிக்கறாங்க, கத்தறாங்க, நான் பாட்டுக்கு." கொட்டாவி விட்டாள். "பக்கத்துல இருந்தவங்கதான் எழுப்பிவிட்டாங்க, படம் முடிஞ்சுபோச்சும்மான்னு."