வெல்வெட் மாப்பிள்ளை

ஞாயிறு இரவு, கட்கி.

இன்று மாலை பெண் பார்க்க வந்தவன், தனியாகப் பேச என்னைக் காருக்குக் கூட்டிப்போனான். டாஷ்போர்டு முழுக்கப் பசை தடவி, பஞ்சுத்தூள் தூவி, வெல்வெட் மாதிரி ஆக்கிவைத்திருக்கிறான். அந்தப் பெருமையைத் தவிர வேறு பேச்சில்லை. என் வேலையைக்கூடக் கேட்கவில்லை. அப்பாவோ உள்ளே ஏற்கெனவே தலையாட்டிவிட்டார்.

"தொட்டுப் பாருங்க, ஏக்தம் சாஃப்ட்," என்றான்.

தொட்டேன். விரல் பட்ட இடத்தில் கோடு விழுந்தது. பெரிதாக 'வேண்டாம்' என்று எழுதினேன்.

"அரே, டிசைன் மஸ்த்தா இருக்கே. அழிக்காதீங்க."

மராத்தி ஊரிலேயே வளர்ந்து, தமிழ் பேச மட்டும் தெரிந்த, படிக்கத் தெரியாத ஜடம்.

அவன் அம்மா எங்கள் வீட்டுத் தமிழ்க் காலண்டரில் ராகுகாலம் படித்துப் பார்த்து, அது கழிந்த பிறகே முன்சீட்டில் ஏறினார்.

கார் தெருமுனை வரை போய் நின்றது.