மூன்று கை டிரம்மர்

ஸ்ரீரங்கம்,
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு.

அன்புள்ள ஜோஸுக்கு,

நானும் ஹம்ஸாவும் இங்கே சௌக்கியம். விசாகப்பட்டினத்தில் நீயும் உன் இடது கையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. வாட்ஸப்பில் நான் அனுப்பிய நாற்பது சொச்சம் மெசேஜ்களில் ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை. அதனால் நேற்று மேலப்புதூர் போய் உன் அம்மாவிடம் விலாசம் வாங்கி வந்தேன். அம்மா நன்றாக இருக்கிறார். காபி கொடுத்துவிட்டு, "எங்கிட்டயே ரெண்டு நிமிஷந்தாம்பா பேசுறான்" என்று குறைப்பட்டுக்கொண்டார். காகிதத்தை உன்னால் மியூட் பண்ண முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இன்று ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஃப்ளாட் ஜன்னலுக்கு நேராக ஒரு ஒலிபெருக்கியைக் கட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து காணாமல் போன குழந்தைகளின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தச் சத்தத்தில் ரெக்கார்டிங் நடக்காது. ஆமாம், ரெக்கார்டிங்தான். நாம் மூவரும் சேர்ந்து போட்ட கொள்ளிடம் பாட்டை வீட்டிலேயே ரெக்கார்ட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். சந்தோஷத்தில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

சந்தோஷத்துக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் ஆபரேஷன் முடிந்து நீ மணிக்கட்டில் கட்டோடு படுத்திருந்தாய். ஒரு பாட்டு முழுக்க ஸ்டிக்கைப் பிடிக்கும் பலம் இனி அந்தக் கைக்கு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உன்னைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று நான், "கவலைய விடுடா, இப்பல்லாம் டிரம்ஸைக் கம்ப்யூட்டரே வாசிச்சிடும்" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த மாதம் துறைமுக ஆபீசில் வேலை கிடைத்தது என்று ஊரை விட்டே போய்விட்டாய். அன்றைக்கு என் நாக்கில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சொன்ன வாய் என்னுடையது என்பதால், செய்து பார்க்க வேண்டியதும் நான்தான் என்று ஆனது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

ஜூன் மாதம் நம் காலேஜிலிருந்து அழைத்தார்கள். செப்டம்பர் 13, சனிக்கிழமை, பழைய மாணவர் விழா. துவாக்குடியில் நாம் படித்த காலத்தில் எந்த மேடையும் கொடுக்காதவர்கள் இப்போது நமக்கு ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்! ஹம்ஸா பாட்டு, நான் கிடார். டிரம்ஸ் யார் என்று கேட்டார்கள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

முதலில் சாஃப்ட்வேர் தேட வேண்டியிருந்தது. பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பௌதிகம் நடத்திவிட்டு வந்து, தினமும் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். முதலாவது, பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது. என் பழைய லேப்டாப்பில் அது திறப்பதற்குள் ஹம்ஸா ரசம் வைத்து இறக்கிவிட்டாள். இரண்டாவது இலவசம், அழகு, தொட்டால் உடனே தாளம் வரும். ஆனால் அது தரும் தாளத்தைத்தான் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு அடியை இந்தப் பக்கம் நகர்த்து என்றால் நகர்த்தாது. மூன்றாவது பார்க்க ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். ஆனால் நாலு நொடியில் திறக்கிறது, லேப்டாப் சூடாவதில்லை, ஒவ்வொரு அடியையும் தனித்தனியே பிடித்து இழுக்கலாம். அதையே வைத்துக்கொண்டேன். ஹம்ஸாவுக்குக்கூட அது பிடித்திருக்கிறது. சிவப்புப் பொத்தான் பெரிதாக இருக்கிறதாம்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து டிரம்ஸ் போட்டேன். கட்டத்துக்குள் கட்டமாக, காலுக்குக் கிக், கைக்கு ஸ்னேர், ச்சிக் ச்சிக் என்று ஹை-ஹாட், எல்லாம் கச்சிதம். போட்டுக் கேட்டால் போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்துகிற சத்தம். ஒவ்வொரு அடியும் ஒரே பலம், ஒரே இடம். சரி, மனிதன் வாசிப்பது போல ஆக்க அதிலேயே ஒரு பொத்தான் இருக்கிறதே என்று அதை அழுத்தினேன். அடிகளையெல்லாம் அது இஷ்டத்துக்குக் கலைத்துவிட்டது. இப்போது மனிதன் வாசிப்பது போலத்தான் இருந்தது, மாடிப்படியில் உருண்டுகொண்டே வாசிக்கிற மனிதன்.

விடுவேனா? ஒவ்வொரு அடியின் பலத்தையும் கையாலேயே மாற்றினேன். அழுத்தமான அடிகளுக்கு நடுவே காதில் விழுந்தும் விழாமலும் நீ போடுவாயே அந்தச் சின்னத் தட்டல்கள், அதையெல்லாம் சேர்த்தேன். சரணம் முடிகிற இடத்தில் டிரம்மெல்லாம் உருண்டு வருகிற மாதிரி ஒரு பிரமாதமான ரோல். என் தோளில் நானே தட்டிக்கொண்டு ஹம்ஸாவைக் கூப்பிட்டேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், அப்படியே வந்து நின்று இரண்டு கையாலும் காற்றில் வாசித்துப் பார்த்தாள். ரோல் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் நின்றாள். "ஏன்னா, ரெண்டு கையும் இங்க உருட்டிண்டிருக்கு. அப்போ அந்த ச்சிக் ச்சிக்கை யாரு தட்றா? உங்க டிரம்மருக்கு மூணு கையா?" என்றாள்.

ஜோஸ், சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை யோசிக்கவே இல்லை. பதினோரு வருஷம் உன் பக்கத்தில் நின்று கிடார் வாசித்தவன் நான். பெயர்தான் பௌதிக வாத்தியார், ஒரு ஆளுக்கு எத்தனை கை என்று எண்ணத் தெரியவில்லை. இருவரும் சிரித்துச் சிரித்து, லேப்டாப் மேலெல்லாம் மாவு. சிரிப்பு அடங்கினதும்தான் எனக்கு உறைத்தது. நான் சத்தத்தைக் கேட்டிருக்கிறேனே தவிர, அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவே இல்லை. ஒரு கை இங்கே வந்தால் அங்கே ஒரு சத்தம் நிற்க வேண்டும். அது நிற்பதுதான் வாசிப்பு.

அந்தச் சனிக்கிழமையே துவாக்குடிக்கு பஸ் ஏறினேன். லேத் பட்டறைக்கு மேலே நாம் பிராக்டிஸ் செய்த அறை அப்படியே இருக்கிறது. கீழே லேத் ஓடுகிற சத்தத்தில் நம் சத்தம் யாருக்கும் கேட்காது என்று நமக்கு அதைக் கொடுத்தவர் ஹபீபுல்லா பாய். உன் டிரம் செட்டின் மேல் அவர் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாம் என்று உன் ஸ்டூலில் உட்காரப் போனேன். "அதுல உக்காராதீங்க தம்பி, உயரம் மாறிடும். ஜோஸ் தம்பி வந்தா திட்டும்" என்று தடுத்துவிட்டார். நீ வரமாட்டாய் என்று அவரிடம் சொல்லாமல் தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினேன்.

பாயின் போனில் நம் பழைய பிராக்டிஸ் ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து சாஃப்ட்வேரில் கட்டங்களுக்கு மேல் வைத்து அளந்தேன். பௌதிக வாத்தியாராக இருந்ததற்கு அன்றுதான் ஒரு பிரயோஜனம். நீ எப்போதும் ஸ்னேரை ஒரு மயிரிழை தாமதமாக அடிக்கிறாய், தெரியுமா? தப்பாக இல்லை, ஒவ்வொரு தடவையும் அதே அளவு தாமதம். பல்லவி வருவதற்கு முந்தின ஒரு அடியில் மட்டும் அவசரப்படுகிறாய். அதே மாதிரி என் அடிகளை எல்லாம் நகர்த்தி, மூன்றாவது கையை வெட்டிவிட்டுப் போட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹம்ஸா பால்கனியிலிருந்து, "ஜோஸ் எப்போ வந்தார்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். ஹாலில் என்னையும் லேப்டாப்பையும் தவிர யாரும் இல்லை. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் முகம் எப்படி இருந்ததோ.

அன்று நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் உன்னைப் போலவே வாசித்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அது போன வருஷத்து ஜோஸ். அந்த ஆள் இப்போது இல்லை, இருக்கிற ஆள் என்னோடு பேசுவதில்லை.

இனிமேல் எழுதப்போவதற்கு நீ கோபப்பட்டால் படு, ஆனால் கிழித்துப் போடாதே. இப்போதுள்ள உன் கைக்கு அந்தத் தாளத்தை மறுபடியும் எழுதினேன். டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டேன். இடது கைக்கு நாலாவது எண்ணிக்கையில் ஒரே ஒரு மெல்லிய அடி, அவ்வளவுதான். மற்ற ஸ்னேர் அடியெல்லாம் வலது கை வந்து அடிக்கிறது. அது வருகிற நேரத்தில் ஹை-ஹாட் வாயை மூடிக்கொள்கிறது. கால்கள் கொஞ்சம் கூடுதலாக உழைக்கின்றன. சரணத்து ரோலைத் தூக்கிவிட்டேன்.

போட்டுக் கேட்டேன், ஜோஸ். எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பாட்டில் எப்போதும் ஏதோ நெரிசலாக இருக்கிறது என்று நாம் மூன்று வருஷம் சண்டை போட்டோமே, கிடார் அதிகம் என்று நீயும் டிரம்ஸ் அதிகம் என்று நானும்! ஹை-ஹாட் நிற்கிற அந்த இடத்தில் ஹம்ஸாவின் குரல் வந்து உட்காருகிறது. முதல் முறையாக அவள் மூச்சு வாங்கிப் பாடுகிறாள். வற்றின கொள்ளிடத்து மணலில் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டோமே, அது இதுதான். உன் கை நன்றாக இருந்த காலத்தில் நமக்கு இது வரவில்லை. உன்னைச் சமாதானப்படுத்த எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஒரு தடவை சமாதானம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குப் போதும்.

மெஷினில் இன்னும் ஒன்று வரவில்லை. அந்த நாலாவது எண்ணிக்கை அடி. அதற்கு எவ்வளவு பலம் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வைத்துப் பார்த்தேன், நாற்பது வைத்துப் பார்த்தேன், எல்லாம் பொய்யாக இருக்கிறது. உன் கையில் இப்போது எவ்வளவு பலம் இருக்கிறது என்பது உன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடு.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு ஃபைல். ஒன்று டிரம்ஸோடு, ஒன்று டிரம்ஸ் இல்லாமல். காலேஜுக்குப் பதில் எழுதிவிட்டேன். டிரம்ஸ், ஜோஸ் என்று போட்டிருக்கிறேன். நீ வராவிட்டால் உன் செட் மேடையில் இருக்கும், ஸ்டூல் காலியாக இருக்கும், நாங்கள் டிரம்ஸ் இல்லாமல் வாசித்துவிட்டு இறங்குவோம். ஹம்ஸாவும் சரி என்று சொல்லிவிட்டாள். பாட்டின் நடுவில் கை வலித்தால் நிறுத்திவிடு, நானும் நிறுத்துகிறேன்.

ரங்கநாதன் கிருபையும் உங்கள் மேலப்புதூர் மாதாவின் துணையும் உனக்கு எப்போதும் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசு.

உன் பதிலை எதிர்பார்த்து நிற்கும்,
தேசிக்

பி.கு. கவரை ஒட்டுவதற்கு முன்னால் என் லேப்டாப்பிலிருந்து அந்த டிரம்ஸை அழித்துவிட்டேன். ஹம்ஸா தலையில் அடித்துக்கொண்டாள், இரண்டு மாத உழைப்பாயிற்றே என்று. பரவாயில்லை. இப்போது அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வாடா.