குருவாயூருன்னு சொல்லிட்டேன்

3-2-2025, திங்கள்

கொடிக்காலில் வெத்தலை அடுக்கி முடிச்சு வந்து கை கழுவுறதுக்குள்ள பேத்தி மலர்விழி போனை நீட்டுறா. "அம்மாயி, புக் பண்ணிட்டேன். ஆலப்புழா, படகு வீடு. நீங்க, அப்புச்சி, நான் மூணு பேரும் ஒரு நாள் பூரா தண்ணி மேலயே இருக்கலாம்."

சரின்னு சொன்னதும் நான்தான், போஸ்ட் ஆபீசில் இருந்து காசு எடுத்துக் கொடுத்ததும் நான்தான். எம்பட காசு. வெத்தலை அடுக்கிச் சேர்த்தது, யார்கிட்டயும் கை நீட்டலை. இருந்தாலும் ஒரு ராத்திரிக்குப் பதினாலாயிரம்னு அவள் சொன்னதும் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டேன். காவேரிக்கரையில் குடியிருந்துக்கிட்டு, தண்ணியில மிதக்கக் காசு கொடுக்கிறவ இந்தப் பக்கத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "கட்டின காசு அழுதா வருமா? பேசாம இரு"ன்னுட்டு, புதுச் சட்டை தைக்கக் கொடுக்கப் போயிட்டார் மனுசன்.

6-2, வியாழன்

கவுளிக்கு நூறு வெத்தலைன்னா, பதினாலாயிரத்துக்கு எத்தனை கவுளி அடுக்கியிருப்பேன்? கணக்குப் போட ஆரம்பிச்சுப் பாதியில் நிறுத்திட்டேன். வேண்டாம்.

8-2, சனி

புத்தி கெட்டுப் போச்சு எனக்கு.

குழாயடியில் எதிர்வீட்டுப் பெருமாயி கேட்டா. "பெட்டியெல்லாம் வெய்யில்ல காயுது, எங்கீங்கக்கா பயணம்?"

அவள் மகளுக்கு ஏழாம் மாசம். ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு போன வாரம்தான் ரெண்டு ஆட்டை வித்தா. அவள்கிட்டப் போய், படகுல படுத்துட்டு வாரேன்னு எப்படிச் சொல்ல? வாயில் வந்துருச்சு, "குருவாயூருக்கு"ன்னு. அதுவும் கேரளாதானே, பாதிப் பொய்தானேன்னு அப்பத் தோணுச்சு.

10-2, திங்கள்

பாதிப் பொய்யாம்! விடிஞ்சதும் பெருமாயி மஞ்சத்துணியில் காசு முடிஞ்சு கொண்டாந்துட்டா. "எம்புள்ளைக்கு சுகப்பிரசவம் ஆவோணும்னு முடிஞ்சதுங்க. உங்க கையால உண்டியல்ல போட்டுருங்கக்கா."

கோயிலுக்குப் போறவங்க கையில் காணிக்கை கொடுத்தா, வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா? வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள அஞ்சு முடிப்பு சேர்ந்துருச்சு. போதாக்குறைக்கு, வாழைத்தோட்டத்து அப்புசாமி அண்ணன் ஒரு தாரையே தோள்ல தூக்கிட்டு வந்து இறக்கினார். கோயில் ஆனைக்காம்!

மலர்விழி சிரிச்சுச் சிரிச்சு உக்காந்துட்டா. வழியில் இறங்கி குருவாயூர் போயிட்டு வந்துறலாமான்னு கேட்டேன். "எனக்குத் திங்கக்கிழமை பரீட்சை. நேரமே இல்லை அம்மாயி"ங்கிறா. போகாம நின்னுக்கலாமான்னா, கட்டின காசு திரும்பாதாம்.

15-2, சனி. படகில்

நல்லாத்தான் இருக்குது. பொய் எதுக்குச் சொல்லணும்? (சொன்னதே போதும்.)

ரெண்டு பக்கமும் தென்னை. வாத்துக் கூட்டம் ஒண்ணு எங்களுக்கு வழி விடாம முன்னாலயே போகுது. ஊட்டுக்காரர் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு, படகையே இவர்தான் விலைக்கு வாங்கினாப்பல முன்னாடி உக்காந்திருக்கார். ஆனைக்குன்னு வந்த தாரில் அதுக்குள்ள ஒரு சீப்பைக் காலி பண்ணிட்டார்.

மத்தியானம் முழு மீனை வறுத்து, வாழையிலையில் சுருட்டிக் கொண்டாந்து வெச்சாங்க. வாசம் ஆளைத் தூக்குது. ஆனா, அஞ்சு முடிப்பும் என் இடுப்புப் பையில். காணிக்கையைச் சுமந்துக்கிட்டுக் கவுச்சி தொடலாமா? தொடலை. என் மீனையும் அவரே தின்னார். "பதினாலாயிரம் கொடுத்துட்டு ரசஞ்சோறு திங்கிறவ நீதான்டி"ன்னு வேற கேலி.

சிரிச்சேன். ஆனா காசு போனதுகூட இப்ப உறுத்தலை. பெருமாயி கையெடுத்துக் கும்பிட்டுத் தந்தாளே, அதுதான் நெஞ்சுல கிடக்குது.

18-2, செவ்வாய்

பெருமாயி வந்தா. "சந்தனம் கொண்டாந்தீங்களாக்கா? புள்ளை நெத்தியில வெச்சு விடோணும்."

வீட்டுச் சந்தனத்தைக் குழைச்சுக் கொடுத்திருந்தா யாருக்குத் தெரியும்? மலர்விழிகூட அதைத்தான் கண்ணால் சொன்னா. என்னால ஆவலை. முடிப்பை எடுத்து அவள் கையில் வெச்சுட்டு, எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் பொய் சொன்னேன் பெருமாயி, சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லக் கூச்சமாப் போச்சுன்னு.

அவள் கத்தலை. "போறேன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? எம்புள்ளை காணிக்கையைக் கொண்டுபோய் ஊர் சுத்திட்டு வந்தீங்களேக்கா"ன்னா. போயிட்டா.

19-2, புதன்

மிச்ச நாலையும் வீடு வீடாப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தி முறைச்சா, ஒருத்தி போட்டோ காட்டுங்கன்னா. அப்புசாமி அண்ணன், "அப்ப என் தாரு?"ன்னார். "எங்க ஊட்டுக்காரர் தின்னுட்டாருங்க"ன்னேன். "அவருக்கும் தும்பிக்கை ஒண்ணுதான் குறைச்சல், போவட்டும் விடுங்க"ன்னு சிரிச்சார்.

2-3, ஞாயிறு

பெருமாயி இப்பல்லாம் மேற்கால வீதிக் குழாய்க்குப் போறா.

20-4, ஞாயிறு

பெருமாயி மகளுக்குப் புதன்கிழமை பெண் குழந்தை. சுகப்பிரசவம். கூப்பிடலைதான், ஆனாலும் போனேன். குழந்தைக்கு ஒரு சட்டையும் சொம்பு நிறையப் பாலும் கொண்டு போனேன். பெருமாயி பாலை வாங்கி அடுப்பில் வெச்சா. குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டா.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தா.

"ஏனுங்கக்கா, அந்தப் படகுக்காரன் நெம்பர் இருக்குதுங்களா? அடுத்த தைக்கு... ரெண்டு ஆட்டுக்குட்டி வளருது. நானும் என் தங்கச்சியும். எவ்வளவு ஆச்சுங்க?"

"பதினாலாயிரம்"னேன். குரலை இறக்காமத்தான் சொன்னேன்.

"மருமவகிட்ட என்னன்னு சொல்றதுன்னுதான் ஓசனையா இருக்குது."

"படகுல படுத்துட்டு வாரேன்னு சொல்லு."

வாயைச் சேலையால் மூடிக்கிட்டுச் சிரிச்சா. ரெண்டு மாசத்துக்கு அப்புறம். வீட்டுக்கு வந்து நெம்பரைப் பெரிசு பெரிசா எழுதி, மலர்விழி போனோட ரெண்டு தடவை ஒத்துப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.