ரேடியேட்டர் மூடியும் அப்பாவின் கண்ணும்

அடி அண்ணாமலை
11.7.2009

அன்புள்ள இனியனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்த லடாக் மலையில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். புதன்கிழமை நீ போன் பண்ணியபோது அப்பா குளிக்கப் போயிருக்கிறார் என்று சொன்னேனே, அது பொய் கண்ணு. அப்பா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். பாதியில் கட்டாகிப் போகிற போனில் அரைகுறையாகச் சொன்னால் நீ அங்கே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எதை எதையோ நினைத்துத் தவிப்பாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அப்பா நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டார், பின்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். முதலில் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் தங்கை கவிநிலாவுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்ததுதான் உனக்குத் தெரியுமே. செவ்வாய்க்கிழமை போய்ச் சேரவேண்டிய கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து பௌர்ணமி. விடிய விடிய கிரிவலம் நடந்த ஜனம் காலையிலும் பாதையை விட்டு நகரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. அப்பா உடனே, இனியன் வண்டி சும்மாதானே நிக்குது, நானே கொண்டுபோய் விடறேன்னு உன் பைக்கை எடுத்தார். நீ லீவு முடிந்து போனதிலிருந்து அது கொட்டகையில் போர்வை போர்த்தி நின்றதுதான். அடியில் பச்சையாக ஏதோ சொட்டியிருந்ததை நான் பார்த்தேன். ஆடு மென்று துப்பிய தழையாக இருக்கும் என்று பெருக்கித் தள்ளிவிட்டேன். எஞ்சினைக் குளிர வைக்க வண்டிக்குள்ளே அப்படிப் பச்சைத் தண்ணீர் ஓடுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கூட்டத்தில் காலை ஊன்றி ஊன்றி நடக்கிற வேகத்தில் போயிருக்கிறார்கள். வேங்கிக்கால் நெருங்கும்போது வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, முன்னாலிருந்து புகை மாதிரி ஆவி வந்திருக்கிறது. அப்பா ஓரங்கட்டி, பக்கத்து டீக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார். கவிநிலா, கொஞ்சம் ஆறட்டும்ப்பா, அண்ணன் சூட்டுல ரேடியேட்டர் மூடியத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீதுன்னு சொன்னாளாம். அதோடு, கண்ட தண்ணியும் ஊத்தாதீங்கன்னு சொல்லியிருக்கிறாள். அவர் கேட்பாரா? ஏம்மா, கவர்மெண்ட் பஸ் ஓட்டினவன் நானு, ஏரித் தண்ணிய மொண்டு ஊத்தி செங்கம் மலை ஏத்தினவன், இந்த பொம்ம வண்டிக்கு ஆற வெக்கணுமான்னு கேட்டுவிட்டு, தோள் துண்டை மூடியின் மேல் போட்டு ஒரே திருப்பாகத் திருப்பியிருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் பொறுத்திருப்பார். பிள்ளைக்கு நேரமாகிறதே என்ற அவசரம். கொதிக்கிற தண்ணீர் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு மூஞ்சியில் அடித்தது. அப்பா அய்யோன்னு கத்திவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கவிநிலா கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினாள், அது ஒரு நொடியில் தீர்ந்துவிட்டது. டீக்கடைக் குடத்தில் அடித் தண்ணீர்தான், கரண்ட் இல்லாததால் மோட்டாரும் ஓடவில்லை. அப்போது எதிரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் வேணு என்பவர் ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பேட்டரிக் கடைக் கேன் என்றதும் இவளுக்கு உயிரே போய்விட்டது. ஆசிட்டு, ஆசிட்டு, கிட்ட வராதீங்கன்னு அவர் கையைத் தட்டிவிட்டாளாம். அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. சீல் பிரித்து முதலில் தன் முகத்திலேயே ஊற்றிக் காட்டி, ஆசிட்டு இல்லம்மா, டிஸ்டில்டு வாட்டர், குழந்த கண்ணுல வுட்டாகூட ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லியிருக்கிறார். பிறகு கேன் கேனாகக் கொண்டுவந்து, அப்பா தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் நிதானமாக ஊற்றிக்கொண்டே இருந்தாராம். எஞ்சினுக்கு எந்தத் தண்ணீர் ஊற்றலாம் என்று அப்பாவும் பெண்ணும் சண்டை போட்டார்களே, கடைசியில் அந்தக் கேன் தண்ணீர் அப்பாவைத்தான் முதலில் குளிர வைத்தது. வேணுவையே ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றிவிடச் சொல்லி, கவிநிலா அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

எனக்குச் செய்தி வந்து நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்காதே. கூட்டத்துக்கு எதிராக, செருப்பு எங்கே போனது என்றுகூடத் தெரியாமல் நடந்தேன். போய்ப் பார்த்தால் அப்பா முகம் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக்கிடக்கிறது, வலது கையில் கட்டு. டாக்டரம்மா இமையைப் பிரித்து விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர், கண்ணுக்குள்ள ஒண்ணும் ஆகல, கண்ணாடி போட்டிருந்தது நல்லதாப் போச்சு, உடனே நிறையத் தண்ணி ஊத்தினது அதைவிட நல்லதாப் போச்சு, தோல் உரிஞ்சு புதுசா வரும்னு சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் கல் மாதிரி நின்றவள் டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கண் திறக்காமலே அப்பா கேட்டது என்ன தெரியுமா, மணி என்னன்னு. கவிநிலா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்ப்பான்னு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு அவர், நீ இங்க குந்தினா என் மூஞ்சி சரியாயிடுமா, போம்மா, போய்ச் சேந்துட்டு வா, நான் எங்கயும் போவமாட்டேன்னு அதட்டினார். இவள் ஆட்டோவில் வேணு கடைக்குத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் அவர் வண்டியை நிழலில் தள்ளி, நன்றாக ஆறவிட்டு, லூசாகியிருந்த குழாயை முடுக்கி, அதே டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி வைத்திருந்தார். நம்ம ஊர் போர் தண்ணி உப்பும்மா, உள்ள ஊத்தினா சுண்ணாம்பா படிஞ்சிடும், இதுல படியாது, ஆனா இது துருவைத் தடுக்காது, சீக்கிரமும் கொதிச்சிடும், அதனால இத அவசரத்துக்கு வெச்சிக்கினு சீக்கிரமே நல்ல கூலன்ட் மாத்திடுங்கன்னு சொல்லி அனுப்பினாராம். உன் தங்கை தானே வண்டியை ஓட்டிக்கொண்டு, ஈரச் சுடிதாரும் பச்சைக் கறையுமாக ஆபீஸ் மூடுவதற்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அங்கிருந்த சூப்பிரண்டு கஸ்தூரி அம்மாள் விஷயம் கேட்டுவிட்டு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாராம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது? நீ லீவில் வந்தபோது தினம் விடியற்காலை அண்ணனும் தங்கையும் கோயிலுக்குப் போகிறோம் என்று போனீர்களே, அந்தக் கோயிலா? திட்டவேண்டும் என்றுதான் நினைத்தேன், வாய் வரவில்லை. நீ சொல்லிக் கொடுத்தது நல்லதாகத்தான் போயிற்று.

வண்டியில் இன்னும் அந்தத் தண்ணீர்தான் இருக்கிறது. அப்பாவோ, டிஸ்டில்டு வாட்டர விட சுத்தமானது உலகத்துலயே இல்ல, அதுவே இருக்கட்டும்னு பிடிவாதம் பிடிக்கிறார். உங்கள் ஊர்க் குளிரில் வெறும் தண்ணீர் ஊற்றினால் ராத்திரியில் உறைந்து எஞ்சினே பிளந்துவிடும் என்று நீ சொல்வாயே, இங்கே உறையாதாம், அதனால் வேறு எதுவும் வேண்டாமாம். நீ எழுதினால்தான் கேட்பார், எழுது. வேணு வீட்டுக்கு மாம்பழம் கொடுத்தனுப்பினேன், அவர் சம்சாரம் தனம் அந்தப் பையிலேயே முருங்கைக்காய் போட்டு அனுப்பிவிட்டாள். நல்ல மனுஷர்கள். நீ வரும்போது ஒரு நடை அங்கே போய்வா.

நீயும் மிலிட்டரி லாரி ஓட்டுகிறவன். எந்த ஆபீசர் அவசரப்படுத்தினாலும் சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்காதே, அம்மா மேல் ஆணை. கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. ராத்திரி டியூட்டி என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. மலையும் மலையில் இருக்கிற சாமியும் உனக்குத் துணை இருக்கட்டும், நீ தீர்க்காயுசாக இருக்கவேண்டும் ராசா.

இப்படிக்கு, உன் அம்மா
ஆதிலட்சுமி

அப்பா இதைக் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். செங்கம் மலை விஷயத்தை அடிக்கச் சொன்னார், நான் அடிக்கவில்லை. கீழே இருப்பது அவர் இடது கையால் எழுதியது, கோணலைப் பார்த்துப் பயப்படாதே.

இனியா, கண் தெரிகிறது. நீ எழுதுகிறபடியே கூலன்ட் ஊற்றுகிறேன்.
அப்பா மூர்த்தி