கேக்குக்கு அரிவாள் எதற்கு, அண்ணே?

அண்ணே,

மிக்சி மூடியைத் திறந்ததும் சீனிப் புகை குப்பென்று எழும்பி மூக்கில் ஏறியது. தும்மித் தீர்த்தேன். பொடித்த சீனிக்குத் தனி வாசம் உண்டு என்று நீ அடித்துச் சொல்வாய். "சீனிக்கு ஏதுண்ணே வாசம்?" என்று கேட்டால், "முழுசா இருக்கையில கெடையாதுடி, அரைபட்டாத்தான் வரும்" என்பாய். இன்றைக்கு வந்தது. அதோடு நீயும் வந்தாய், புருவம் மீசையெல்லாம் வெள்ளையாக, கிழவன் மாதிரி. அந்தக் கிழவனை நான் பார்க்கவே போவதில்லை என்று தோன்றியதும் எனக்கு உன்மேல் கொலைவெறி வந்தது. போனவர்களுக்கு எழுதும்போது மரியாதையாக எழுத வேண்டுமாம். நீ போன விதத்தில் மரியாதை எங்கே இருந்தது? அதனால் திட்டித்தான் எழுதுவேன். கேட்டுக்கொள்.

தல்லாகுளத்து பேக்கரியில் வேலை முடிந்து நீ கீழக்குயில்குடிக்கு வரும்போது வண்டியின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே விற்காத பன். தொண்டையை அடைக்கிற அளவுக்குக் காய்ந்தது. அதற்கு உயிர் கொடுப்பது நம் வேலை. பன்மேல் ஒரு பூச்சு போடுவோம், கடையில் அதைக் கிளேஸ் என்பார்கள். அந்தச் சீனிப் பூச்சுக்கு நம் வீட்டில் வைத்த பெயர் மினுக்கு. உனக்கும் அதே பெயர்தான், கண்ணாடி முன்னால் நீ நின்ற நேரத்துக்கு.

சீனியைப் பொடித்துச் சலிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு. பிறகு பால், கரண்டி நுனியில் தொட்டுத் தொட்டு. கரண்டியைத் தூக்கினால் நாடா மாதிரி இறங்கி, கிண்ணத்தில் விழுந்த கோடு கொஞ்சம் நின்று, பிறகு தானாக மறைய வேண்டும். அவ்வளவுதான். அடுப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், மூளைகூட வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும். நம் குடும்பத்தில் கிடைக்காத ஒரே சாமான்.

நான் பாலைச் சரித்துவிடுவேன். "போச்சு, பாயசம் வச்சுட்டா!" என்று தலையில் குட்டுவாய். சீனியைக் கூட்டுவேன், கட்டியாகும். பாலைக் கூட்டுவேன், தண்ணியாகும். கிண்ணத்தில் ஆரம்பித்தது குழம்புச் சட்டியில் போய் முடியும். நீ என் ஜடையைப் பிடித்து இழுப்பாய். நான் உன் கையைக் கடிப்பேன். நம் கடைக்குட்டி முத்து நடுவில் புகுந்து கிண்ணத்தை நக்கிக்கொண்டிருப்பான். சத்தம் கேட்டு அம்மா விளக்குமாற்றோடு வந்தால் மூன்று பேருக்கும் சமமாக விழும். நம் வீட்டில் அடிக்குப் பாகுபாடே கிடையாது. பாகு மட்டும்தான் உண்டு.

ஒருநாள் சீனிக்குப் பதிலாகக் கல்லுப்பை அரைத்து டப்பாவில் போட்டு வைத்தேன். நீ ருசி பார்க்காமல் மினுக்கு கலக்கி, பன்னில் பூசி, உன் கூட்டாளி சேது அண்ணனுக்குக் கொடுத்தாய். முழு பன்னையும் வாய்க்குள் திணித்த பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. துப்பிக்கொண்டே, "மாப்ள, ஒந்தங்கச்சி கொலகாரிடா!" என்று அலறினான். நீ செருப்போடு என்னைச் சமணர் மலை அடிவாரம் வரை விரட்டினாய். குறி பார்த்து எறிந்தாய். முதுகில் பட்டது. இப்போதும் முதுகு அரித்தால் அந்த இடம்தான் அரிப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

அதே சேதுதான் உன் பிறந்தநாளுக்கு அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். நீ கடையிலிருந்து பெரிய கேக் கொண்டுவந்திருந்தாய். அதில் நீயே மினுக்கு ஊற்றி, அது ஓரத்தில் வழிந்து இறங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"கேக்க வெட்ட எதுக்குண்ணே அருவா?" என்று கேட்டேன்.

"கெத்துடி. ஒனக்கு வெளங்காது."

"அப்பக் கெடா வெட்டுக்கு ஸ்பூனு கொண்டு போவீகளோ?"

சேது சிரித்துவிட்டான். நீ சிரிக்கவில்லை. கண்மாய்க் கரைக்குப் போனீர்கள். கொத்திக் கொத்திக் கேக்கை நீ வெட்டியதை யாரோ படம் பிடித்தார்கள். வெள்ளையாகச் சொட்டுகிற அரிவாளைத் தூக்கி, "எவன் வேணா வாங்கடா!" என்று கத்தினாய். யாரைக் கூப்பிட்டாய் என்று உனக்கே தெரியாது. அதைச் சேது ஸ்டேட்டஸில் வைத்தான். கபடியில் உன்னோடு கைகலந்த பக்கத்து ஊர்ப் பையன்கள் அதைப் பார்த்தார்கள். தங்களைத்தான் கூப்பிட்டாய் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அரிவாளைக் கழுவாமல் கொண்டுவந்து நம் வீட்டுப் பரணில் சொருகினாயே, பேக்கரியில் வேலை பார்க்கிறவன் செய்கிற காரியமா அது? காலையில் சுவர் முழுக்க எறும்பு. அம்மா ஏணி போட்டு அந்த வரிசையின் பின்னாலேயே ஏறிப் போனாள். போலீஸ் நாய் தோற்றது. இரும்பு தெரியாத அளவுக்கு எறும்பு மொய்த்த அரிவாளோடு அவள் இறங்கிவந்த காட்சியில், சிரிப்பதா ஓடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்டுக்குள்ள எமனக் கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கியேடா!" என்று விளக்குமாறு பிய்ந்துபோகும்வரை உன்னை அடித்தாள். நீ வாங்கிக்கொண்டே சிரித்தாய். அரிவாளைக் கொண்டுபோய்ச் சேது வீட்டு வாசலில் வீசிவிட்டு வந்தாள்.

ஸ்டேட்டஸைப் போலீஸும் பார்த்தது. கூட்டிப் போனார்கள். நீ ஸ்டேஷன் கக்கூஸில் "வழுக்கி விழுந்து" வலது கையில் மாவுக்கட்டோடு திரும்பி வந்தாய். "மாவு பெசையுறவனுக்கு மாவுக்கட்டு, பொருத்தம்தான்" என்றேன். இடது கையால் பளாரென்று விட்டாய். காது ரீங்காரம் போட்டது. அப்புறம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கட்டுப் பிரிக்கிறவரை நான்தான் மினுக்கு கலக்கினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "சொட்டு. இன்னொரு சொட்டு. போதும்டி எரும, போதும்!" என்று கத்திக்கொண்டே இருந்தாய்.

கட்டைப் பிரித்து நீ மறுபடி வேலைக்குப் போன வாரம், ஊருக்குத் திரும்புகிற முக்கில் வைத்து அந்தக் கபடிப் பையன்கள் உன்னை வெட்டினார்கள். பட்டப்பகல். சத்தம் கேட்டு நானும் முத்துவும் ஓடிவந்தபோது அவர்கள் வண்டியின் தூசி இன்னும் அடங்கவில்லை. கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. மற்றதெல்லாம் தலையைக் காப்பாற்ற நீ தூக்கிய கையில், புதிதாகக் கட்டுப் பிரித்த அதே கையில். விரல்கள் தார் ரோட்டில் தனியாகக் கிடந்தன. உன் கழுத்தை நான் என் துப்பட்டாவால் அழுத்தினேன். துணி நனைந்து கனத்ததே தவிர எதுவும் நிற்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பார்க்கவில்லை. உன் கண் பன் பெட்டி விழுந்த பக்கம் இருந்தது.

முத்து என்ன செய்தான் தெரியுமா? ரோட்டில் சிதறிய பன்னைப் பொறுக்கினான். ரத்தம் பட்டதை ஒரு பக்கமும் படாததை இன்னொரு பக்கமும் அடுக்கினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

வெட்டியவர்கள் பிடிபட்டார்கள். ஊர் முகப்பில் உனக்கு ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள், கூலிங்கிளாஸ் போட்ட படத்தோடு, கீழே சிங்கம் ஒன்று கர்ஜிக்க. நீ கரப்பான் பூச்சிக்குப் பயந்து அம்மா பின்னால் ஒளிந்ததை அந்தச் சிங்கத்திடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

உன் அடுத்த பிறந்தநாளன்று சேது நாலைந்து பேரோடு வாசலுக்கு வந்தான். கையில் கேக் பெட்டி. அதே அரிவாள். உன் படத்தை நாற்காலியில் சாய்த்து, முன்னால் கேக்கை வைத்தார்கள். பிறகு முத்துவைக் கூப்பிட்டான்.

"இங்கன வாடா தம்பி. ஒங்கண்ணன் பிடிச்ச பிடி இது. நீ பிடி. வெட்டிட்டு, கணக்கு பாக்கி இருக்குன்னு கேமராவப் பாத்துச் சொல்லு. போதும்."

போதுமாம். முத்துவின் மேலுதட்டில் மீசையே இன்னும் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அவன் கை அரிவாளை நோக்கி நீண்டது. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். முத்து அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால், அவனையும் ஒருநாள் அந்த முக்கிலிருந்து அள்ளி வரவேண்டும். எனக்கு அது மட்டும் தெரிந்தது.

"சேதுண்ணே, மினுக்கு போடாத கேக்கையா எங்கண்ணனுக்கு வெட்டப் போறீக?" என்றேன். "பேக்கரிக்காரனுக்கு இம்புட்டு மட்டமா ஒரு கேக்கா?"

"அதெல்லாம் வேணாம்மா."

"வீடியோவுல மங்கலாத் தெரியும்ணே."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தார்கள். "சரி, வெரசா போட்டுட்டு வா" என்றான் சேது. முத்துவை எலுமிச்சம்பழம் பிழியக் கூப்பிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்தி, மிக்சியை ஓடவிட்டேன். அந்தச் சத்தத்துக்குள் அவன் காதைப் பிடித்துத் திருகினேன்.

"அந்த அருவாளத் தொட்ட, கைய ஒடிச்சு அடுப்புல வைப்பேன்."

"வையி. ஒனக்கென்னக்கா, நீ பொம்பளப்பிள்ள. ரோட்டுல போனா அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியத்தான் பாக்குறாங்க. எப்படா திருப்பிச் செய்வ, எப்படான்னு."

"பாக்குறவனுக்கெல்லாம் நீ படம் ஓட்டணுமா?"

"எங்கண்ணன்க்கா!"

"எனக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரனாடா?"

என்னைத் தள்ளினான். மேடையில் என் மண்டை மோதியது. நான் அவனை அறைந்தேன். அவன் திருப்பி அறைந்தான். கட்டிப் புரண்டதில் பால் சொம்பு அப்படியே கிண்ணத்துக்குள் கவிழ்ந்தது. மினுக்கு மோராகிவிட்டது. டப்பாவைக் கவிழ்த்தேன், சீனி இல்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு அந்தக் கிண்ணத்தோடு வெளியே போனேன்.

கேக்கில் ஊற்றப் போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சேது கேக்குக்கு மேலே அரிவாளைக் குறுக்காகப் பிடித்துப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்ததும், கிண்ணத்தை அப்படியே அரிவாளின் மேல் கவிழ்த்தேன். வெட்டுவாயிலிருந்து பிடி வரைக்கும், அவன் மணிக்கட்டு, சட்டை, எல்லாம் வெள்ளை. பிறகு இரண்டு கையையும் கேக்குக்குள் விட்டுப் பிய்த்தேன்.

"இந்தா, வெட்டாமத் தின்னு! தின்னுண்ணே!" என்று சேதுவின் வாயில் திணித்தேன். மூக்கிலும் திணித்தேன். படம் பிடித்துக்கொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் சேது அரிவாளைப் போட்டுவிட்டு என்னை அறைந்தான். உதடு கிழிந்து கீழே விழுந்தேன்.

அடுப்படியிலிருந்து வந்த முத்து அதைப் பார்த்தான். குனிந்து அரிவாளை எடுத்தான். சேதுவின் கழுத்துக்கு ஓங்கினான். நான் பயந்தது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது, நானே நடத்தி வைத்தபடி. "முத்து!" என்று கத்தினேனா என்றுகூட நினைவில்லை.

பிடி முழுக்கப் பாலும் சீனியும். ஓங்கிய வேகத்தில் அரிவாள் அவன் விரல்களிலிருந்து வழுக்கிப் பின்னால் பறந்து, துவைகல்லில் மோதி விழுந்தது. வெறும் கையைச் சேதுவின் கழுத்தில் வைத்துக்கொண்டு முத்து நின்றான்.

அண்ணே, சேதுவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தனை நாளும் அந்த இரும்பின் பிடிப்பக்கமே நின்றவன், முதல் தடவையாக அதன் வாய்ப்பக்கம் நின்றுவிட்டான். கன்னத்தில் ஒட்டியிருந்த கேக் துண்டு நடுங்கியது.

அப்போதுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. முத்துவைப் பாய்ந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே முதுகில் குத்தினாள். "எம்பிள்ள ஒருத்தனத் தின்னுட்டீக. இன்னொருத்தனுக்கும் எல போட வந்தியாடா? போங்கடா!" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. சேதுவால் வண்டியைக்கூடக் கிளப்ப முடியவில்லை. உருட்டிக்கொண்டே போனான். அரிவாளை எடுக்க யாரும் குனியவில்லை. அம்மாதான் அதைக் கண்மாய்ச் சகதியில் எறிந்துவிட்டு வந்தாள்.

நானும் முத்துவும் வாசலைக் கழுவினோம். அவன் பாதி கழுவும்போது உட்கார்ந்துவிட்டான். "வழுக்காம இருந்திருந்தா?" என்று கேட்டான். நான் வாளியைத் தள்ளிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ செத்ததிலிருந்து அழாதவன் அன்றைக்கு என் மடியில் வாந்தி எடுக்கிறவரைக்கும் அழுதான்.

இன்று அவனே வந்து, "அக்கா, மினுக்கு போடுவோமா?" என்றான். அதனால்தான் இந்த மிக்சி, இந்தத் தும்மல். கரண்டி நுனியால் பாலைத் தொட்டு வைக்கிறான். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. நடுவில் கேட்டான்.

"அண்ணன வெட்டுனவிங்க ஜாமீன்ல வந்துருவாங்களாக்கா?"

"வந்தா வரட்டும். கோர்ட்டுக்கு நானும் அம்மாவும் போறோம். நீ பரிச்சைக்குப் போ."

"ஒனக்குக் கோவமே வரலியா?"

"எனக்கா? ச்சீ, நான் சாதுடா" என்றேன்.

போன வாய்தாவின்போது கோர்ட்டு வாசலில் அவர்களில் ஒருவனைப் பார்த்தேன். காவலுக்கு வந்தவர் வாங்கிக் கொடுத்த வடையை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். சட்னி வேண்டும் என்று கேட்டான். அவன் கழுத்தில் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று நான் நின்று பார்த்தேன். கையில் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நழுவியிருக்காது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நீ விட்டுப்போனது கொஞ்சம்தான் அண்ணே. ஒரு வண்டி, சில சட்டைகள், இந்தக் கோபம். வண்டி முத்துவுக்கு. சட்டையும் அவனுக்குத்தான், தோள் நிறைந்துகொண்டு வருகிறது. பெண்பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் சொல்கிறதே, அந்தக் கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். பங்கு இல்லை, முழுசும். என்றைக்காவது அவன் வந்து தன் பாகத்தைக் கேட்டால், அதையெல்லாம் அண்ணன் கையோடு கொண்டு போய்விட்டான் என்று பொய் சொல்வேன். நான் சொல்கிற பொய்யை நம் வீட்டில் நீ ஒருவன்தான் கண்டுபிடிப்பாய். இந்த ஒன்றை மட்டும் காட்டிக் கொடுத்துவிடாதே.